முயல் காதைச் சொறிந்தால் அன்றைக்கே தூக்கிப் பாருங்கள்: ராகியோடு நான் பட்ட ஐந்து மாதம்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மிஷினுக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாக ஒரு பழைய தக்காளி கிரேட்டைப் படுக்க வைத்து, வெட்டி மிஞ்சின காட்டன் துண்டுகளை உள்ளே பரப்பியிருப்பேன். ராகி அதில்தான் இருப்பாள். ராகி எங்கள் முயல். கேழ்வரகு நிறம், அதனால் என் மகள் வைத்த பெயர். சந்தையில் 300 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அவளுடைய காதுக்காக இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை 17,500 ரூபாய்க்கு மேல் செலவழித்திருக்கிறேன், முகூர்த்த நேரத்தில் தைக்க முடியாமல் திருப்பிக் கொடுத்த ஜாக்கெட்டுகள் அது போகத் தனி. பணம் போனதைவிட, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அலைந்தேனே, அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வர எட்டு நாளோ பத்து நாளோ ஆகும். நம் பக்கம் முயல் என்றால் கறிக்கு வளர்ப்பதுதான் பழக்கம், அதற்கு வைத்தியம் பார்த்தவர்கள் என்று யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் முயல் வைத்திருக்கிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பொங்கல் லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போனபோது, மூன்று நாளைக்கு ராகியைப் பின்தெருவில் முயல் வளர்க்கிற தம்பியிடம் விட்டுவிட்டுப் போனேன். அவனிடம் பத்துப் பதினைந்து முயல் இருந்தன. திரும்பி வந்த பிறகு இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிப்ரவரி ஆரம்பத்தில் பின்னங்காலால் வலது காதைச் சொறிய ஆரம்பித்தாள், நடுநடுவே தலையை ஒரு உதறு உதறுவாள். சொறிவது எல்லா முயலும் செய்வதுதானே என்று நான் தைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் கழித்து மகள்தான் "அம்மா, ராகி காதுக்குள்ள மண்ணு இருக்கு" என்று கூப்பிட்டாள். செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தால் மண் இல்லை. பழுப்பு நிறத்தில் மரப்பட்டை மாதிரி அடுக்கடுக்காகப் பொருக்கு. ஓரத்தில் கீறின கோடுகளில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும், ஏனென்றால் அன்றைக்கே பார்த்திருந்தால் இது இரண்டு மூன்று ஊசியோடு முடிந்திருக்கும்.

அது காது உண்ணி. நாய்க்கு வருகிற பெரிய உண்ணி இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி நகர்வது போலத் தெரியும், அவ்வளவு சின்னது. பெயர் சோரோப்டிஸ் குனிகுலி என்று பின்னால் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை, மேலேயே இருந்து தோலைக் காயப்படுத்தி அதில் கசிகிற நீரைத் தின்று வாழும். காய்ந்த கசிவும் உதிர்ந்த தோலும் உண்ணியும் அதன் எச்சமும் சேர்ந்ததுதான் அந்தப் பொருக்கு. ஒரு முயலிடமிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தொற்றும். முயலை விட்டுக் கீழே விழுந்தாலும், சூழ்நிலை சரியாக இருந்தால் மூன்று வாரம் வரைக்கும் உயிரோடு கிடக்கும். என் வெட்டுத் துணிக் குவியலை நினைத்துப் பாருங்கள், அதற்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இனி நான் செய்த தப்புகள். முதல் தப்பு, எதிர்வீட்டு அக்கா சொன்னார்கள் என்று வேப்பெண்ணெயைச் சூடு பண்ணி ஆறவைத்துக் காதில் விட்டேன், விட்டதோடு நிற்காமல் பட்ஸை வைத்துப் பொருக்கைப் பெயர்த்தேன். ராகி கத்தினாள். முயல் கத்தும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. குழந்தை வீறிட்ட மாதிரி ஒரு சத்தம், மகள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள். பொருக்கு வந்த இடத்தில் தோல் உரிந்து பச்சை ரத்தமாய் நின்றது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பொருக்குக்கு அடியில் இருப்பது புண்ணான பச்சைத் தோல். ஊசி போட்டு உண்ணி செத்தால், பத்துப் பதினைந்து நாளில் பொருக்கு காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். அதைத் தொடவே வேண்டாம். பட்ஸ் இன்னொரு விதத்திலும் கெடுதல், முயலின் காதுக் குழாய் நேராகப் போவதில்லை, இறங்கிப் போய் வளையும், நாம் குடைகிற அழுக்கு வெளியே வருவதற்குப் பதிலாக அந்த வளைவுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, செல்லப்பிராணி சாமான் விற்கிற கடைக்குப் போய்க் கேட்டேன். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடுகிற மருந்து ஒன்றை 350 ரூபாய்க்கும், ஒரு காதுச் சொட்டு மருந்தை 180 ரூபாய்க்கும் கொடுத்தார்கள். "நாய்க்கே போடுறோம், முயலுக்குப் போட்டா என்னா" என்றார் கடைக்காரர். அன்று ராத்திரி முதுகு மருந்தைத் திறக்கப் போகும்போது மகள் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள், ஆங்கிலம் படிக்கப் பழகுகிற வயசு, கையில் எது கிடைத்தாலும் படிப்பாள். "அம்மா, முயலுக்குப் போடக்கூடாதுன்னு இருக்கும்மா" என்றாள். நான் நம்பாமல் வாங்கிப் பார்த்தேன், பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. ஃபிப்ரோனில் என்கிற மருந்து அது. நாய்க்கும் பூனைக்கும் போடுவார்கள், முயலுக்கு அது விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும். அந்த ராத்திரி என் மகள் அந்தத் தாளைப் பிரிக்காமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சொட்டு மருந்தையும் பயத்தில் விடாமல் வைத்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று, அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. முயலுக்கு ஸ்டீராய்டு சுலபமாக ஒத்துக்கொள்ளாது, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து உள்ளே இருக்கிற கிருமியை வளர விட்டுவிடும். காதுச் சவ்வு கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்து உள்காதையே கெடுத்துவிடும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். சவ்வு கிழிந்திருக்கிறதா இல்லையா என்று நாம் எப்படிப் பார்ப்பது? அதனால் டாக்டர் பார்க்காமல் காதில் ஒன்றும் விடாதீர்கள்.

மூன்றாவது தப்புதான் அவளைக் கிட்டத்தட்டக் கொன்றது. எண்ணெய் விட்ட நாலாம் நாள் காதில் கெட்ட வாடை வந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று புரிந்தது. மகளுக்குக் காது வலி வந்தபோது வாங்கின சிரப் மாவு ஒரு பாட்டில் பிரிக்காமல் இருந்தது, அமாக்சிசிலின். காது வலிக்குக் குழந்தைக்கே கொடுக்கிறார்கள், முயலுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் தப்பில்லை என்று அதைக் கரைத்து, இரண்டு நாள் காலையும் சாயங்காலமும் வாயில் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் தண்ணீராகக் கழிந்தாள். மத்தியானம் கொத்தமல்லித் தழையை மூக்கருகே கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் புழுக்கையே இல்லை, வயிறு உப்பிக் கல்லு மாதிரி இருந்தது, காது இரண்டும் சில்லென்று ஆகிவிட்டன. கூன் போட்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து, மகளை அத்தையிடம் விட்டுவிட்டு, ராகியை முந்தானையில் சுற்றிக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். போய் வர 900 ரூபாய். வழி முழுக்க அவளுடைய நெஞ்சு துடிக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு வயசான டாக்டர் வீட்டிலேயே பார்ப்பவர். முதலில் கேட்டது "என்ன மருந்து குடுத்தீங்கம்மா?" என்றுதான். பாட்டிலைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். முயலுக்குப் புல்லைச் செரிக்க வைப்பது அதன் பெருங்குடலை ஒட்டிய பையில் இருக்கிற நல்ல கிருமிகள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் வகைகளை வாய் வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல கிருமிகள் செத்து, விஷம் சுரக்கிற கெட்ட கிருமி பெருகிவிடும். கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின்கூட அப்படித்தான். நமக்கும் நாய்க்கும் தினசரி எழுதுகிற மருந்து முயலுக்கு எமன். தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, உடம்பைச் சூடாக வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார். அவருக்கும் மருந்துக்கும் 1,200 ரூபாய்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முயல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர கேஸ், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அவற்றின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் உயிர் போய்விடும். அதே நேரத்தில் வலியை வெளியே காட்டிக்கொள்ளவும் செய்யாது, காட்டில் காட்டிக்கொண்ட முயலை நரி தூக்கிக்கொண்டு போய்விடும் இல்லையா, அந்தப் புத்தி. அதனால் கத்துமா, முனகுமா என்று காத்திருக்காதீர்கள். பல் கடிப்பது, அரைக்கண் மூடி மூலையில் உட்காருவது, தொட்டால் முன்பு போல் தலையைக் கொடுக்காமல் இருப்பது, புழுக்கை சின்னதாகக் குறைவது, இதெல்லாம்தான் அதன் அழுகை. நான் அன்றிலிருந்து காலையில் கூட்டிப் பெருக்கும்போது புழுக்கையைப் பார்க்காமல் குப்பையில் போடுவதில்லை. எடையும் வாரம் ஒரு தடவை, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒரு கூடையோடு வைத்துப் பார்ப்பேன். ராகி 1.8 கிலோ இருந்தவள், அந்த வாரம் 1.45.

ஐந்து நாள் சிரிஞ்சில்தான் சாப்பாடு. அருகம்புல்லையும் ஊறவைத்த தீவனக் குச்சியையும் மிக்ஸியில் மைய அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, வாயின் பக்கவாட்டில் முன் பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் மெதுவாக விட வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். நாலு கால் ஊன்றி உட்கார்ந்தபடியே, ஒரு மில்லி விட்டு மென்று முழுங்குகிற வரைக்கும் காத்திருந்து அடுத்தது. ராத்திரி பன்னிரண்டு, மூன்று, ஆறு என்று எழுந்தேன். ஆறாம் நாள் காலையில் வேலிமசால் இலை ஒன்றைத் தானாக இழுத்துத் தின்றாள். நான் சமையலறையில் போய் நின்று அழுதேன்.

அவள் தேறின பிறகு எங்கள் ஊர்ப் பக்கமே மாடு ஆடு பார்க்கிற டாக்டரிடம் காதைக் காட்டினேன். அவர் வெளிப்படையாகவே "முயல் நான் அதிகம் பார்த்ததில்லம்மா, ஆனா இந்த உண்ணிக்கு ஐவர்மெக்டின்தான், டோஸைப் பார்த்துக்கிட்டுச் சொல்றேன்" என்று போனில் யாரிடமோ கேட்டுவிட்டு, எடை போட்டு, தோலுக்கடியில் ஊசி போட்டார். மாட்டுக்குப் போடுகிற அதே மருந்துதான், ஆனால் ராகிக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஐவர்மெக்டின் மருந்துக்கடையில் கிடைக்கிறதே என்று நாமே வாங்கிப் போடக் கூடாது, ஒரு சொட்டு வித்தியாசத்தில் டோஸ் பல மடங்கு ஏறிவிடும். முட்டைக்கு அந்த மருந்து வேலை செய்யாது, பொரித்து வருகிறதைக் கொல்ல மறுபடி போட வேண்டும், இரண்டு வாரம் விட்டு விட்டு மொத்தம் மூன்று ஊசி, ஒன்று 200 ரூபாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுச் செய்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

வெட்டுத் துணி எல்லாவற்றையும் எரித்தேன். கிரேட்டைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி மொட்டை மாடி வெயிலில் நாலு நாள் போட்டேன். பின்தெருத் தம்பியிடமும் சொன்னேன், அவன் முயல்களில் ஏழுக்கு இருந்தது. வீட்டில் இரண்டு முயல் இருந்தால் ஒன்று மட்டும்தான் சொறிகிறது என்றாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். மார்ச் கடைசியில் மூன்றாவது ஊசி முடிந்தபோது பொருக்கு முழுக்க உதிர்ந்து உள்பக்கம் ரோஸ் நிறமாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், வெயில் கொளுத்துகிற நேரம், ராகியின் வலது காது லேசாகச் சரிந்தது. நிமிர்ந்த காது முயல் அவள். ஒரு காது மட்டும் பத்து மணி காட்டுகிற முள் மாதிரி சாய்ந்திருந்தது. வெயில் அசதி என்று விட்டேன். மறுநாள் வலது பக்கக் கண் சரியாக மூடவில்லை, அந்தப் பக்கம் வாயோரம் ஈரமாக இருந்தது, காதின் அடிப்பகுதியைத் தொட்டால் துள்ளினாள். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் சீழ் நடுக்காதுக்குள் போய், பக்கத்தில் ஓடுகிற முக நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம், இது எனக்கு அப்போது தெரியாது. தொங்கு காது முயல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காது சரிகிற அடையாளமே கிடைக்காது, அந்த ஜாதிக்குக் குழாயும் இறுகலாக இருப்பதால் சீழும் அதிகம் பிடிக்கும், அவர்கள் காதடியைத் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் விடிகாலையில் தடதடவென்று சத்தம் கேட்டு எழுந்து லைட்டைப் போட்டேன். ராகி தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு தரையில் உருண்டுகொண்டிருந்தாள். நிறுத்தவே முடியவில்லை அவளால். கண்மணி இரண்டும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், போனில் "செத்துடுமோ?" என்று கேட்டேன், அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து போன் போட்டேன். தெரிந்தவர்கள் கொடுத்த நம்பர், அவர்கள் கொடுத்த நம்பர் என்று ஒன்பது பேர். ஒருவர் "பக்கவாதம், தேறாது, ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம், கூட்டிட்டு வாங்க" என்றார், முயலைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டு நான் பாதி மனசு சம்மதித்தும் விட்டேன், அதைச் சொல்ல எனக்கு இன்னும் வலிக்கிறது. தலை திருகின முயல் எல்லாம் செத்துப்போவதில்லை. சாப்பிட ஆசைப்படுகிற முயலாக இருந்தால், பெரும்பாலும் வைத்தியத்துக்கு நேரம் கொடுத்துப் பார்க்கலாம். ராகி உருண்டு நின்ற இடைவெளியில் என் கையிலிருந்த இலையைக் கடித்தாள். அதைப் பார்த்துத்தான் பத்தாவது நம்பருக்கு அடித்தேன்.

அது பெங்களூரில் சின்னப் பிராணிகள் பார்க்கிற ஒரு அம்மா. போனில் என்ன கேட்க வேண்டும் என்று நான் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன், நீங்களும் கேளுங்கள்: முயல் பார்ப்பீர்களா, மாசத்துக்கு எத்தனை வரும், எக்ஸ்ரே எடுப்பீர்களா, மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் முந்தின ராத்திரி பட்டினி போடச் சொல்வீர்களா. கடைசிக் கேள்விக்கு "ஆமாம், ஒன்றும் கொடுக்காதீங்க" என்றால் அவருக்கு முயல் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். முயலுக்கு வாந்தி வராது, அதனால் நாய் மாதிரி பட்டினி போடத் தேவையில்லை, போட்டால் குடல் நின்றுவிடும். பெங்களூர் தூரம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை.

உருள்கிற முயலை ரயிலில் கொண்டுபோக முடியாது, கார் வாடகை 4,500. ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் நாலு பக்கமும் டவல் சுருட்டி அடைத்து, அவள் சாய இடம் இருக்கும், உருள இடம் இருக்காது என்கிற அளவில் வைத்தேன். வெயிலுக்குத் தண்ணீர் பாட்டிலை ஐஸ் கட்டியாக்கித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். முப்பது டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குத் தாங்காது. ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.

அந்த டாக்டர் விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார், ஆழத்தில் வெள்ளையாக அடைத்திருந்தது. எக்ஸ்ரேயில் நடுக்காது இருக்கிற எலும்புக் குமிழ் இடது பக்கம் காற்றோடு கறுப்பாகவும், வலது பக்கம் வெள்ளையாகவும் தெரிந்தது. வெள்ளை முழுக்கச் சீழ். முயலின் சீழ் நம்முடையது போல ஒழுகாது, பனீர் மாதிரி, டூத் பேஸ்ட் மாதிரி கெட்டியாக உட்கார்ந்துவிடும், அதனால்தான் மருந்து உள்ளே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகிறது, சில முயலுக்குத் திறந்து எடுக்க ஆபரேஷன்தான் வழி. கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார், 1,500 ரூபாய், யோசிக்காமல் சரி என்று சொல்லுங்கள், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று அதில்தான் தெரியும். ராகிக்குப் பாஸ்டுரெல்லா என்று வந்தது. அது நிறைய முயல்களின் மூக்கில் சும்மா இருக்கிற கிருமி, மூக்கிலிருந்து குழாய் வழியாக நடுக்காதுக்கு ஏறும், காதுப் புண் வழியாகவும் இறங்கும். என் பட்ஸ்தான் காரணமா என்று கேட்டேன். எந்த வழியாகப் போனது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நல்ல மனசு.

தலை திருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சிறுநீர் வழியாகப் பரவி மூளையையும் கிட்னியையும் பாதிக்கிற என்செபாலிட்டோசூன் என்கிற நுண்ணுயிர். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் அதற்கும் சேர்த்து ஃபென்பெண்டசோல் 28 நாள் எழுதினார். சீழுக்கு என்ரோஃப்ளாக்சசின் இரண்டு வேளை, வலிக்கு மெலாக்சிகாம், மூடாத கண் காயாமல் இருக்கச் சொட்டு மருந்து. டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, மருந்து, கார் எல்லாம் சேர்த்து அன்று ஒரு நாளில் 10,300 ரூபாய். என் சீட்டுப் பணம்.

மருந்து ஆறு வாரம் என்றார்கள், எட்டு வாரம் ஆனது. இரண்டாம் வாரமே உருள்வது நின்றுவிட்டது, அப்போது நிறுத்திவிடலாமா என்று ஆசை வரும், நிறுத்தாதீர்கள், கெட்டிச் சீழில் ஒளிந்திருக்கிற கிருமி திரும்ப வரும். உருள்கிற நாட்களில் தூக்கினால் இன்னும் பயந்து சுழல்வாள், தூக்கியே ஆக வேண்டுமென்றால் அடிவயிற்றுக்குக் கை கொடுத்து நம் உடம்போடு அணைத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். மிஷின் சத்தமும் அவளைச் சுழல வைத்தது, அதனால் சித்திரை முகூர்த்தத்துக்கு வந்த பதினொரு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன், நாலாயிரம் ரூபாய் வேலை அது. தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கு முங்கிவிடும் என்று தட்டையான பீங்கான் தட்டில் வைத்தேன். தரையில் வழுக்காமல் இருக்கப் பழைய யோகா விரிப்பு. குனிந்து தின்ன முடியாததால் புல்லை வாய் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டேன். முயல்கள் தங்கள் பின்பக்கத்திலிருந்து நேராக வாயால் எடுத்துத் தின்கிற மெத்தென்ற ராத்திரிப் புழுக்கையை அவளால் எட்டி எடுக்க முடியவில்லை, பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும், தினம் ஈரத் துணியால் துடைக்காவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

அத்தை முதல் மாதம் முழுக்க "முந்நூறு ரூவா முயலுக்கு முந்நூறு தடவ அலையறா" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரும், பதில் பேச மாட்டேன், பணம் அவர்கள் மகனுடையதும்தானே. மே மாதம் ஒரு நாள் நான் டெலிவரிக்குப் போய்விட்டு வந்தபோது, அத்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ராகியின் தலையை முட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு சிரிஞ்சில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரம் தவறிவிடக் கூடாது என்று அவர்களே கடிகாரம் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் வாரமும் எட்டாம் வாரமும் மறுபடி பெங்களூர் போனேன், காலை ரயிலில், இரண்டு தடவைக்கும் சேர்த்து 4,000. ஜூன் நடுவில் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். ராகியின் தலை இன்னும் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது, அது அப்படியே நின்றுவிடும், அவளுக்கு அது பழகிவிட்டது என்றார் டாக்டர். ஓடும்போது திருப்பத்தில் ஒரு தடவை தடுமாறுவாள், அவ்வளவுதான். எடை 1.75.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் நானும் அவளை மடியில் வைத்துக்கொள்வோம். மகள் லைட் அடிப்பாள், நான் இரண்டு காதையும் உள்ளே பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், காதடியை இரண்டு விரலால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவி ஒரு பக்கம் தடிப்பா என்று பார்ப்பேன். அப்புறம் மளிகைக் கடைத் தராசு. மகள் ஒரு நோட்டில் தேதி போட்டு எடையை எழுதுகிறாள், பின்தெருத் தம்பியும் அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கியிருக்கிறான். கிரேட்டில் இப்போது வெட்டுத் துணி கிடையாது, புல் மட்டும்தான், அது இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாறும்.